அளந்தால் உன் காசு, அறுத்தால் எங்கள் காசு

உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படித்ததுண்டா? கூச்சப்பட வேண்டாம், விற்ற ஏஜென்ட்டும் படித்திருக்க மாட்டார். ஆனால் ஹாஸ்யம் விரும்பும் தமிழர்கள் தவறவிடக் கூடாத பகுதி அதன் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தில் வீற்றிருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நான்கு பட்டியல்கள் அங்கே அச்சாகியிருக்கும். எதற்குப் பணம் வராது, எதைத் தனியாகக் கேட்கக் கூடாது என்று சான்றோர் கூடி யோசித்து எழுதியவை.

முதல் பட்டியல், காப்பீடே கிடையாது என்று கைவிரிக்கப்பட்ட 68 உருப்படிகளுக்கானது. குழந்தை உணவு, அழகுச் சேவை, டிவி கட்டணம், மினரல் வாட்டர் என்று போகிறது. நியாயம்தான். குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தவர் புருவம் திருத்திக்கொண்டால் அதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏன் அழ வேண்டும்? அப்படியே தலையாட்டிக்கொண்டு கீழே இறங்கினால், அதே வரிசையில் 'நீரிழிவு நோயாளிக்கான காலணி' நிற்கிறது. அதே பட்டியலிலேயே, நடக்க உதவும் ஊன்றுகோல் வகையறாவும்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். காலில் புண் வராமல் காக்கிற செருப்புக்குக் காசு வராது. புண் வந்து, அழுகி, காலை எடுத்தால் அந்த ஆபரேஷனுக்குக் காசு வரும். எடுத்தபின் தத்தித் தத்தி வீட்டுக்குப் போக ஊன்றுகோல் வாங்கினால் அதற்கும் வராது. செருப்புக்கும் ஊன்றுகோலுக்கும் நடுவே இருக்கிற ரம்பத்துக்கு மட்டும் முழு மரியாதை.

நான்காவது பட்டியல் இன்னும் சுவையானது. 'சிகிச்சைச் செலவிலேயே அடங்கியவை' என்று கருதி, தனியாகப் பணம் கேட்கக் கூடாத பொருள்கள் அதில் உள்ளன. 17-வது உருப்படி, குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும். 18-வது, மூத்திரப்பை. அத்தோடு பட்டியல் முடிகிறது. நாடெங்கும் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அந்த நோயை அளக்கும் கருவிக்கு நம் காப்பீட்டு உலகம் கொடுத்திருக்கும் ஸ்தானம், மூத்திரப்பைக்கு ஒரு படி மேலே. அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது மட்டும். வீட்டில் இருந்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டு ஒழுங்காக வாழும் நோயாளி இந்தப் பட்டியல்களில் எங்குமே இல்லை.

இப்படி ஒரு பட்டியலைக் குரோம்பேட்டையில் உட்கார்ந்து படிப்பதில் தனி ருசி உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் துரை நடத்திய குரோம் தோல் தொழிற்சாலையால் பேர் வாங்கிய ஊர் இது. பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை மூன்றும் தோல் பதனிட்ட கழிவு நீரைக் குடித்து வளர்ந்தவை. உலகத்துக் கால்களுக்கெல்லாம் ஷூ போட இங்கிருந்து தோல் போனது. அந்த ஊர்க்காரன் காலில் உணர்ச்சி மரத்து, மெத்தென்ற நீரிழிவுக் காலணி ஒன்று வாங்கிப் பில்லை நீட்டினால், அது புருவம் திருத்தியதோடு சேர்த்துக் குப்பைக்குப் போகும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே எத்தனை மருந்துக்கடை, எத்தனை லேப், எத்தனை சுகர் கிளினிக் என்று எண்ணினால் கணக்குத் தவறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க் வாசலில் ஷாமியானா போட்டு இலவசமாகச் சுகர் பார்ப்பார்கள். வாக்கிங் வந்தவர் விரலை நீட்டுவார். 'ரேண்டம் 260 சார், டாக்டரப் பாருங்க' என்று ஒரு சீட்டு கிடைக்கும். கண்டுபிடித்துக் கொடுப்பது இலவசம். கண்டுபிடித்தபின் பிழைத்துக் கிடப்பதற்குத்தான் கட்டணம். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை என்று சொன்னதும் அதே ஆய்வுதான். ஆகவே ஷாமியானாக்காரருக்கு ஒருநாளும் வியாபாரம் படுக்காது.

இன்ஷூரன்ஸ் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டால் என்ன நடக்கும்? நம் நாட்டின் எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடிய உரையாடலைக் கற்பனை செய்து தருகிறேன்.

"மேடம், சுகர் ஸ்ட்ரிப்புக்கும் சென்சாருக்கும் கிளெய்ம் பண்ணலாமா?"

"அட்மிட் ஆகியிருக்கீங்களா சார்?"

"இல்லம்மா. அட்மிட் ஆகாம இருக்கத்தான் கேக்கறேன்."

"அட்மிட் ஆனாதான் சார் கிளெய்ம். மினிமம் 24 ஹவர்ஸ்."

"சரி, அட்மிட் ஆனா ஸ்ட்ரிப்புக்குத் தருவீங்களா?"

"அட்மிட் ஆனா அது ட்ரீட்மென்ட் சார்ஜுலயே அடங்கிடும் சார். தனியா வராது."

"அப்ப எப்பதாம்மா வரும்?"

"கால் எடுக்கிற மாதிரி ஆனா கவர் ஆகும் சார். டயாலிசிஸும் கவர் ஆகும். வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா சார்?"

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். திரையில் இருப்பதைப் படிக்கிறாள். அவள் அப்பாவுக்கும் சுகர் இருக்கும்.

இதே நிறுவனங்கள் உங்கள் ரத்தத்தில் அக்கறை இல்லாதவை என்று சொன்னால் பாவம் பிடித்துக்கொள்ளும். பாலிசி போடும் முன் அவர்களுக்கு இருக்கிற அக்கறை பெற்ற தாய்க்கு இருக்காது. 'சுகர் இருக்கா? எத்தனை வருஷமா? ஹெச்பிஏ1சி எவ்வளவு?' என்று துருவுவார்கள். அவர்களே லேபுக்கு ஏற்பாடு செய்து ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பார்கள். எண் கூடுதலாக இருந்தால் பிரீமியமும் கூடும், அல்லது பாலிசியே கிடையாது. சேர்த்துக்கொண்டாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நான்கு ஆண்டு வரை இருந்த அந்த உச்ச வரம்பை 2024-ல் கருணை கூர்ந்து மூன்றாக்கினார்கள். சர்க்கரை மூன்றாண்டு வாசலில் கைகட்டிக் காத்திருக்கும் என்ற நம்பிக்கை! ஓபிடி செலவுக்கென்று தனி ரைடர் விற்பவர்களும் உண்டு. கூடுதல் பிரீமியத்தைக் கட்டிவிட்டு, சொற்ப வரம்புக்குள் நம் காசை நாமே பில் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆக, உன்னைச் சேர்க்கலாமா என்று பார்க்க உன் ரத்தத்தை அளப்பார்கள். சேர்த்தபின் நீ உயிரோடு இருக்க அளக்க வேண்டுமென்றால், அது உன் சொந்த விஷயம்.

கணக்குக்கு வருவோம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப்-1 பிள்ளை ஒன்று நாளைக்கு நான்கு தடவையாவது விரலைக் குத்த வேண்டும். மாதம் 120 ஸ்ட்ரிப். ஒன்று இருபது ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். இது ஊசி, இன்சுலின், டாக்டர் ஃபீஸ் சேராத கணக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். அரசாங்கமே 'இவன் ஏழை' என்று முத்திரை குத்திய வீட்டில், வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு விரல் நுனியில் போகிறது.

சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. தோலுக்கடியில் மயிரிழை போல ஒரு நூல். பதினாலு நாள் உட்கார்ந்து, சில நிமிடத்துக்கொரு தடவை சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும். ராத்திரியில் சர்க்கரை இறங்கினால் அலாரம் அடிக்கும் வகைகளும் உண்டு. டைப்-1 பிள்ளையைப் பெற்ற தாய்மார் நடுராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலைத் தேடி டார்ச் வெளிச்சத்தில் குத்திப் பார்ப்பதை நிறுத்தியது இந்த வில்லைதான். விலை ஒன்று நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவே. மாதம் இரண்டு என்றால் சுமார் ஒன்பதாயிரம். பத்தாயிரம் வருமானத்தில் மிச்சம் ஆயிரத்தில் வாடகை, அரிசி, பால், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, மீதியைச் சேமித்துக் குரோம்பேட்டையில் ஃபிளாட் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

'ஐந்து லட்சத்துக்குக் காப்பீடு கொடுத்திருக்கிறோமே' என்பார்கள் ஆட்சியாளர்கள். கொடுத்திருக்கிறீர்கள், கும்பிடுகிறோம். கிட்னி போனால் டயாலிசிஸுக்கு அந்தக் காப்பீட்டுக் கார்டு உதவும். உதவியும் இருக்கிறது, அதனால் உயிர் பிழைத்த ஏழைகள் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் கிட்னி போகும் வரை? அதுவரை நீங்கள் அந்தக் கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக் காத்திருக்கலாம். பொறுத்தார் கிட்னி இழப்பார், இழந்தவர் ஐந்து லட்சம் ஆள்வார்.

மத்திய அரசும் சும்மா இல்லை. 2021 ஜூலையில் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு லாப வரம்பு வைத்தார்கள். விநியோகஸ்தருக்குப் போகும் விலைக்கு மேல் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதாம். எழுபதுக்குப் பெயர் கட்டுப்பாடு! காய்கறி விற்கிற ஆயா அந்த லாபம் வைத்தால் சந்தையே கூடித் திட்டும். மேலும், குளுக்கோமீட்டர் கம்பெனிக்காரர்களுக்கு மீட்டரில் லாபமே வேண்டாம். இருபத்தைந்து ஸ்ட்ரிப் வாங்கினால் மீட்டர் ஃப்ரீ என்பார்கள். வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும், இந்த மீட்டருக்கு அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப் சேராது. மீட்டர் ஒரு தடவை, ஸ்ட்ரிப் ஆயுசு முழுக்க. மாமியார் வீட்டில் மோதிரம் போட்டு மாப்பிள்ளை பிடித்த கதை.

அப்புறம் 2025 செப்டம்பர் 22. சரக்கு சேவை வரியைக் குறைத்த புண்ணிய நாள். குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் வரி 12-லிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. ஆயிரம் ரூபாய் டப்பாவில் அறுபது ரூபாய்ச் சொச்சம் மிச்சம். மூன்று ஸ்ட்ரிப் காசு. தீபாவளிப் பரிசு என்றார்கள், வாங்கிக்கொண்டோம். ஆனால் அதே தேசத்தில், அதே ஜி.எஸ்.டி. ரோட்டு நகைக்கடையில், தங்கத்துக்கு வரி 3 விழுக்காடு. விரலில் போடுகிற மோதிரத்துக்கு மூன்று, விரலில் எடுக்கிற ரத்தத்துக்கு ஐந்து. இந்த நாட்டில் எந்த விரலுக்கு மதிப்பு என்று இதைவிடத் தெளிவாக எந்த நிதியமைச்சகமும் எழுதிக் காட்ட முடியாது.

சென்சாருக்கு ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். சர்க்கரையே இல்லாத, உடம்பில் கொழுப்பே இல்லாத, ஐடி கம்பெனி இளைஞர்கள் அதைப் புஜத்தில் ஒட்டிக்கொண்டு ஜிம் கண்ணாடி முன் படமெடுத்துப் போடுகிறார்கள். இட்லி தின்றால் எவ்வளவு ஏறுகிறது, ஓட்ஸ் தின்றால் எவ்வளவு இறங்குகிறது என்று ஆராய்ச்சி. இதற்கென்றே பெங்களூரில் ஸ்டார்ட்-அப் உண்டு. அமெரிக்காவில் இன்சுலின் போடாதவர்கள் சீட்டு இல்லாமலே வாங்கிக்கொள்ள 2024-ல் ஒரு சென்சாருக்கு அனுமதியே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வாங்கட்டும், அவர்கள் காசு. நோயில்லாதவனுக்கு விளையாட்டுப் பொருளாகவும் நோயாளிக்கு எட்டாக் கனியாகவும் ஒரே மருத்துவக் கருவி ஒரே ஊரில் விற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாநில அரசை வைது தீர்ப்பது சுலபம். நியாயமாகவும் பேச வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுப் படியில் கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாட்டுக்கு ஐ.நா. அமைப்பே 2024-ல் விருது கொடுத்தது. மாத்திரை கொண்டுவரும் பெண்கள் வெயிலில் நடக்கிற நடைக்கு எந்த விருதும் போதாது. ஆனால் அவர்கள் வந்து விரலைக் குத்திப் பார்ப்பது எப்போதோ ஒரு முறை. இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை அவர்கள் வரும் தேதி பார்த்து ஏறி இறங்காது. மாத்திரையை வாசலுக்கு அனுப்பியாயிற்று. அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரிப்தான் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்தால் விடை எளிது. 2006-ல் கலர் டிவி கொடுத்தார்கள். 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தார்கள். லேப்டாப் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் படம் ஒட்ட இடமிருந்தது. ஸ்ட்ரிப் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதில் தலைவர் படத்தை ஒட்டினால் ரத்தம் வைக்க இடமிருக்காது. மேடையில் நூறு ஸ்ட்ரிப் டப்பாவைக் கையளித்தால் போட்டோவிலும் எடுபடாது. வாங்கிக்கொண்ட பயனாளி அடுத்த தேர்தல் வரை அதை ஹாலில் வைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்க மாட்டார், குத்தி எறிந்துவிடுவார். எந்தக் கட்சி இதற்குச் செலவு செய்யும்?

இந்த அரசுகளுக்குச் செய்யத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோய்க்காகக் கட்டிய இடம். இன்று காசநோய்க்குச் சோதனை இலவசம், மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கியில் விழுகிறது. சரியான காரியம். காசநோய் இருமினால் பக்கத்து வீட்டுக்குப் போகும், பங்களாவுக்கும் போகும். சர்க்கரை பாவம், ஒட்டாது. அது ஒரே உடம்புக்குள் உட்கார்ந்து, கண்ணைத் தின்று, கிட்னியைத் தின்று, காலைத் தின்று, அந்த வீட்டுப் பணத்தையும் தின்று முடிக்கும். அடுத்தவனுக்கு ஆபத்தில்லாத நோய்க்கு அரசாங்கம் ஏன் பயப்பட வேண்டும்? சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதையாவது சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி யாராவது கேட்டுத் தெரிந்துகொண்டால் நல்லது.

உலகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்போம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தர்மம் ஊசியோடு நின்றுவிட்டது, அளக்கும் கருவிக்கு வரவில்லை. ஆனாலும் பிரிட்டனில் டைப்-1 உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தொடர் கண்காணிப்புக் கருவி தரலாம் என்று 2022-ல் வழிகாட்டி வந்தது, அரசே கொடுக்கிறது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு ஜூலையில் டைப்-1 உள்ள எல்லோருக்கும் மானியத்தை விரித்தது. எதற்கெடுத்தாலும் பில் நீட்டும் அமெரிக்காகூட, 2023 ஏப்ரலில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் இன்சுலின் நோயாளிகள் அத்தனை பேருக்கும் வழி திறந்தது. அவை பணக்கார நாடுகள் என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பீர்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 'மிட்டாய்' என்ற அரசுத் திட்டம் டைப்-1 பிள்ளைகளுக்கு இன்சுலின் பேனா, பம்ப், சென்சார் என்று கொடுக்கிறது. கேரளத்தில் எண்ணெய்க் கிணறு ஏதும் கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை.

'பத்துக் கோடிப் பேர் கையிலும் சென்சார் ஒட்டினால் நாடு திவாலாகிவிடும்' என்று ஒரு பொருளாதார மேதை எழுந்து நிற்பார். உட்காருங்கள் ஐயா. அப்படி யாரும் கேட்கவில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர் நாள்தோறும் குத்திக்கொள்ள அவசியமில்லை, சென்சாரும் வேண்டாம். இன்சுலினை நம்பி வாழ்பவருக்குத்தான் எண் தெரியாவிட்டால் ஊசியே விஷம். அளவு கூடினால் தூக்கத்திலேயே முடிந்துவிடும். அவருக்கு இன்சுலினை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பைக் கொடுக்காத அரசு, கண்ணைக் கட்டிக் கையில் கத்தியைக் கொடுக்கிறது. நோயாளியின் சொந்த உபயோகத்துக்கான சர்க்கரைச் சோதனையை 2023-லேயே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசியச் சோதனைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அத்தியாவசியம் என்று ஜெனீவா சொல்கிறது, மூத்திரப்பைக்குப் பக்கத்தில் வை என்று ஹைதராபாத் சொல்கிறது.

'உடம்பே சொல்லிடும் சார், சுகர் ஏறினா எனக்கே தெரியும்' என்று எங்கள் தெருவில் பலர் சொல்வார்கள். அது தன்னம்பிக்கையால் வரும் பேச்சு என்று டாக்டர்கள் கோபிப்பார்கள். அது பணமில்லாததால் வரும் பேச்சு. ஸ்ட்ரிப் டப்பா விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவன், தன் உடம்பையே மீட்டராக்கிக்கொள்கிறான். உடம்பு சொல்லத்தான் செய்யும். விழித்திரை கிழிந்த பிறகு சொல்லும், கால்விரல் கறுத்த பிறகு சொல்லும். அப்போது நம் காப்பீட்டுக்காரர்கள் ஓடோடி வந்து, 'அட்மிட் ஆயிட்டீங்களா சார்?' என்று வாஞ்சையோடு கேட்பார்கள்.

கேட்பது நான்கே விஷயம். இன்சுலின் போடுகிற ஒவ்வொருவருக்கும், மருந்து வாங்கும் அதே ஆரம்ப சுகாதார நிலையக் கவுண்டரில், அந்த மாதத்துக்கான ஸ்ட்ரிப்பும் கிடைக்க வேண்டும். டைப்-1 பிள்ளைகளுக்குக் கேரளம் கொடுப்பதைத் தமிழ்நாடும் கொடுக்க வேண்டும். சென்சாருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் விலை வரம்பு வைத்து, வரியை முழுதாக எடுக்க வேண்டும். காப்பீட்டு ஆணையம் அந்த முதல் பட்டியலிலிருந்து நீரிழிவுக் காலணியையும், நான்காம் பட்டியலிலிருந்து ஸ்ட்ரிப்பையும் அடித்துவிட்டு, வீட்டில் இருந்து அளப்பவரின் செலவையும் சிகிச்சை என்று ஏற்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் புதிய ஆராய்ச்சி தேவையில்லை, கமிட்டி தேவையில்லை. பேனாவும் வெட்கமும் போதும்.

நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். நம் ஊரில் அது குழந்தைகள் தினமும்கூட. வருஷா வருஷம் அன்றைக்குக் கட்டடங்களுக்கு நீல விளக்குப் போட்டு, பலூன் பறக்கவிட்டு, 'விழிப்புணர்வு வாக்கத்தான்' நடத்துவது வழக்கம். இந்த வருஷம் விழிப்புணர்வு வேண்டாம், நாங்கள் நன்றாகவே விழித்திருக்கிறோம். விளக்குக்கும் பலூனுக்கும் ஒதுக்கிய பணத்துக்கு ஸ்ட்ரிப் வாங்கி, விரல் குத்தும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். படம் ஒட்டாமல் கொடுங்கள்.